பூட்டிக் கிடந்த வீட்டை ஊருக்குத் திறந்தோம்

செட்டிநாட்டில் ஒரு பழைய வீடு இடிபடுகிறதென்றால் பெரும்பாலும் கரையான் காரணமில்லை, பங்குதான் காரணம். ஐயா காலத்தில் அண்ணன் தம்பி நான்கு பேர் சேர்ந்து கட்டிய வீட்டுக்கு இன்று கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் சென்னையிலும் அமெரிக்காவிலுமாக ஐம்பது பேருக்கு மேல் உரிமை இருக்கும். கூரை ஓடு ஒன்றை மாற்ற வேண்டுமென்றால்கூட யாரைக் கேட்பது? யாரைக் கேட்பதென்று தெரியாததால் யாரும் மாற்றுவதில்லை. ஓடு நழுவும், மழை இறங்கும், உத்தரம் உளுத்துப்போகும். அப்புறம் எல்லோரும் ஒரே குரலில் "இனி இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது" என்று சொல்லி மரத்துக்கு விலை பேசுவார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் சாய்த்து வைத்திருக்கும் நிலைகளும் தூண்களும் இப்படிப் பிரிக்கப்பட்ட வீடுகளிலிருந்து வந்தவைதான்.

தேவகோட்டைப் பக்கம் எங்கள் ஊரில், என் அப்பச்சி (தந்தை) வழி வீடும் அந்தத் திசையில்தான் போய்க்கொண்டிருந்தது. 1920களில் பர்மாத் தேக்கு வைத்துக் கட்டிய வீடு. முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். இன்று அதன் முன்பாதி ஊர் அருங்காட்சியகம். இரண்டாங்கட்டும் அதற்குப் பின்னால் இருப்பதும் கலைஞர்கள் வந்து தங்கி வேலை செய்கிற இடம். இதே எண்ணத்தோடு வேறு ஊர்களிலிருந்து நிறைய பேர் விசாரிக்கிறார்கள். அவர்களுக்கு நான் வாயால் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் காகிதம். கொத்தனாரைக் கூப்பிடும் முன் வம்சாவளியை எழுதுங்கள். எங்கள் வீட்டில் அது சுலபமாக இருந்தது, ஏனென்றால் பழைய கல்யாணங்களின் இசைகுடிமானமும் (திருமண ஒப்பந்தப் பத்திரம்) மொய் ஏடும் பெட்டியில் இருந்தன. யாருக்கு யார் பிள்ளை, யார் எந்த வீட்டுக்குச் சுவீகாரம் போனார் என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். அப்புறம் வில்லங்கச் சான்று, பட்டா, பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் இருந்தால் அதன் நகல், இறந்தவர்களின் வாரிசுச் சான்று. வெளிநாட்டில் இருக்கும் பங்காளிகள் அதிகாரப் பத்திரம் அனுப்பினால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்ப வேண்டும். அது இந்தியாவுக்குள் வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். இந்த மூன்று மாதக் கணக்கு பலருக்குத் தெரிவதில்லை. உறவினர் அன்போடு அனுப்பிய பத்திரம் அலமாரியிலேயே கிடந்து காலம் தாண்டிப்போன வீடுகள் எங்கள் பக்கம் உண்டு.

யாரையும் பங்கை விட்டுத்தரச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் காரியம் அன்றே நின்றிருக்கும். ஓர் அறக்கட்டளை பதிவு செய்து, அதற்கு 30 ஆண்டுக் குத்தகையாக வீட்டைக் கொடுத்தோம். ஓர் ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். வெள்ளைத்தாள் ஒப்பந்தத்தை நம்பிக் காசு போடாதீர்கள். பத்திரத்தில் சேர்த்த சில வரிகள்தான் எல்லோரையும் கையெழுத்துப் போட வைத்தன. சாமி வீட்டுச் சாவி பங்காளிகளிடமே இருக்கும். முன்னோர் வழிபாடான படைப்பு, கல்யாணம் என்று எதற்கு எப்போது கேட்டாலும் வீடு அவர்களுக்குத் திறக்கும், அந்த நாட்களில் பார்வையாளர் கிடையாது. ஒரு தூண், ஒரு கதவு, ஒரு கண்ணாடிகூட விற்கப்படாது. அறக்கட்டளை கலைந்தால் ஒவ்வொரு பொருளும் பட்டியல்படி திரும்பிவிடும். படைப்பு வீடு என்கிற மரியாதை போகாது என்று தெரிந்ததும் பாதித் தயக்கம் கரைந்துவிட்டது.

மீதித் தயக்கம் வேறு மாதிரி. பினாங்கில் இருக்கும் பெரியப்பா ஒருவர் நெடுநாள் கையெழுத்துப் போடவில்லை. காரணத்தை ஒருநாள் தொலைபேசியில் சொன்னார்: "ஊர்க்காரங்க எல்லாரும் வளவுக்குள்ள வருவாங்களா?"

வளவு என்றால் வீட்டின் நடு முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும். அந்தக் கேள்வியைப் பூசி மெழுகக் கூடாது. எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் மூன்று தலைமுறையாக இருப்பவர்களில் பலர் திண்ணையைத் தாண்டி உள்ளே போனதே இல்லை. நெல் குத்த வந்தவர்களும் பாத்திரம் துலக்க வந்தவர்களும் பின்வாசல் வழியாக வந்து பின்வாசல் வழியாகப் போனார்கள். நான் அவரிடம், "ஆமாம் பெரியப்பா, எல்லாரும் முன்வாசல் வழியா வருவாங்க. அதுக்காகத்தான் இதைச் செய்யறோம்" என்றேன். சில மாதம் பேச்சில்லை. பிறகு அவர் மகள் சமாதானம் பேசி, அவரே ஒரு மாசிப் படைப்புக்கு வந்தபோது கையெழுத்தும் போட்டார். வேறு வார்த்தைகளில் சொல்லிக் காரியத்தைச் சாதித்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் திறந்த பிறகு ஒவ்வொரு நாளும் வாசலில் சண்டையாக இருந்திருக்கும்.

இனி மழை. சாவி கைக்கு வந்ததும் வெள்ளையடிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் கை அரிக்கும். நாங்கள் ஒரு ஐப்பசி, கார்த்திகை முழுக்க எந்த வேலையையும் தொடங்கவில்லை. நழுவிய ஓடுகளை மட்டும் சரிசெய்துவிட்டு, தண்ணீர் எங்கே இறங்குகிறது, எங்கே தேங்குகிறது, எந்தச் சுவர் எவ்வளவு உயரம் நனைகிறது என்று சாக்குக்கட்டியால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்தோம். அந்தக் கோடுகள்தான் எங்கள் வேலைத் திட்டம். பெரிய தொகை கேட்டு ஒப்பந்தக்காரர்கள் கொடுத்த மதிப்பீடுகளில் இருந்த பாதி வேலை தேவையே இல்லை என்று அவை காட்டின.

செட்டிநாட்டு வீடு மழையைச் சேர்க்கக் கட்டியது. நான்கு பக்கக் கூரையும் நடு முற்றத்தை நோக்கிச் சரியும். முற்றத்துத் தண்ணீர் கல் தூம்பு வழியாகத் தெருவுக்கு, தெருவிலிருந்து ஊருணிக்கு. எங்கள் வீட்டில் தூம்பு அடைத்திருந்தது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய சிக்கல் வெளியே இருந்தது. பழைய தார் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்து, தூம்பின் வாய் தெருமட்டத்துக்குக் கீழே போயிருந்தது. வீட்டுத் தண்ணீர் வெளியேற வழியில்லை, அஸ்திவாரத்திலேயே நின்றது. சுவர் ஈரத்துக்குக் காரணம் சுவரே இல்லை! ஊராட்சியோடு பேசி, ஊருணி வரைக்கும் பழைய ஓடையைத் தோண்டி எடுத்ததும், அந்தத் தெருவில் இன்னும் சில வீடுகளின் ஈரமும் சேர்ந்தே குறைந்தது. எங்கள் வீட்டு வேலையால் ஊருக்குக் கிடைத்த முதல் நன்மை அதுதான். அதற்கு அப்புறம் எங்களை யாரும் சந்தேகமாகப் பார்க்கவில்லை.

சுவர். அரை ஆள் உயரத்துக்குச் சுற்றிலும் யாரோ பல வருடம் முன்பு சிமெண்டுப் பூச்சு அடித்திருந்தார்கள். அதைச் செய்தவர் நல்லெண்ணத்தோடுதான் செய்திருப்பார். ஆனால் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமெண்டு அந்த வழியை அடைத்துவிடும். உள்ளே மாட்டிய ஈரம் மேலேறி, சிமெண்டு முடிகிற இடத்தில் உப்பாகப் பூத்து, பழைய செங்கல்லையே மாவாக்குகிறது. அதைச் சிற்றுளியால் மெதுவாக எடுத்துவிட்டு, ஒரு கோடை முழுக்கச் சுவரை வெறுமனே விட்டோம். பார்க்க அலங்கோலமாக இருந்தது. வந்து பார்த்த பங்காளிகளுக்கு வருத்தம்கூட. இருந்தாலும் காயாத சுவரில் எந்தப் பூச்சும் நிற்காது.

பூச்சு வேலைக்கு எழுபது வயதைத் தாண்டிய ஒரு கொத்தனார் கிடைத்தார். அவரால் சாரத்தில் ஏற முடியாது. நாற்காலி போட்டு உட்கார வைத்து, மூன்று இளம் கொத்தனார்களை அவர் சொல்படி செய்ய வைத்தோம். இரண்டு பேருக்கான கூலியைத் தனியாக ஒதுக்கிக் கற்றுக்கொள்ளவென்றே வைத்திருந்தோம். பழைய கட்டட வேலை தொடங்குகிற யாருக்கும் இதைக் கைகூப்பிச் சொல்வேன்: வேலை தெரிந்தவர் உயிரோடு இருக்கும்போதே பக்கத்தில் ஆள் வையுங்கள்.

கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றிக் குழியில் ஊறப்போட வேண்டும். வாரக்கணக்கில் ஊறுவது நல்லது. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரைச் சேர்த்து அரைத்த சாந்தில் அடிப்பூச்சு. மேலே போகப்போக மணலும் சுண்ணாம்பும் நைசாகும். கடைசிப் பூச்சில் முட்டையின் வெள்ளைக்கரு. வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய பின் சில நாட்கள் சுவர் வியர்க்கும். வெள்ளைத் துணியால் அந்த வியர்வையை ஒற்றி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். "பச்சைப்புள்ளைய ராத்திரி பாத்துக்கற மாதிரி பாத்துக்கணும் ஆச்சி" என்றார் கொத்தனார். உண்மையிலேயே இரவிலும் ஆள் வைத்தோம். மெருகு போன இடங்களில் மட்டும்தான் புதுப் பூச்சு. நூறு வருடப் பூச்சு ஒன்றும் ஆகாமல் பளபளப்பாக இருந்த இடத்தில் கை வைக்கவில்லை. பழையதும் புதியதும் சேரும் இடம் கண்ணுக்குத் தெரிகிறது. தெரியட்டும்.

தரைக்கு ஆத்தங்குடிக் கல் உடைந்த இடத்தில் ஆத்தங்குடியிலேயே அதே பூப்போட்டுத் தரச் சொன்னோம். கண்ணாடிமேல் அச்சு வைத்து வண்ணச் சிமெண்டுக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் அமுக்கி, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். பழைய மாதிரிக் கல் ஒன்றைக் கையோடு கொண்டுபோனால் நிறத்தைக் கிட்டத்தட்டப் பிடித்துவிடுவார்கள். கூரைக்கு, பிரிக்கப்பட்ட வீடுகளிலிருந்து பழைய ஓடு வாங்கினோம். தூண் மட்டும் அப்படி வாங்கவே இல்லை. ஓடு வேண்டும் என்று யாரும் வீட்டை இடிக்கமாட்டார்கள், தேக்குத் தூணுக்காக இடிக்கிறார்கள்.

மின்சாரத்துக்குச் சுவரை வெட்டாமல் குழாயை வெளியே ஓட்டுங்கள், அழகு குறைந்தாலும் பரவாயில்லை. கழிப்பறைகளைப் பழைய சுவர்களில் ஒட்டாமல் பின்கட்டு முற்றத்தில் தனியாக, கிணற்றிலிருந்து தள்ளிக் கட்டுங்கள். கைப்பிடிச் சுவரில் அரசஞ்செடி முளைத்திருந்தால் பிடுங்காதீர்கள். வேர் செங்கல்லையும் சேர்த்து இழுக்கும். அறுத்துவிட்டு வேரைச் சாகடித்த பிறகுதான் எடுக்க வேண்டும்.

எந்த அறை எதற்கு என்பதில் வீடே வழி சொல்லியது. வளவைச் சுற்றி இருக்கும் அறைகள் ஒவ்வொரு புள்ளிக்கும் (மணமான தம்பதிக்கும்) ஒன்று. சன்னல் இல்லாதவை, இருட்டு. அந்தக் காலத்திலும் அவை சீர்வரிசையும் சாமானும் வைக்கத்தான், மனிதர்கள் படுத்தது வெளியே தாழ்வாரத்தில். அவற்றை விருந்தினர் அறையாக்கி ஏசி மாட்டச் சொல்லி நிறைய யோசனை வந்தது. நாங்கள் அவற்றை அருங்காட்சியகத்தின் சேமிப்பறைகளாக வைத்தோம். கண்டாங்கிச் சேலைகளுக்கும் ஏடுகளுக்கும் இருட்டைவிட நல்ல இடம் கிடையாது. துணியும் காகிதமும் காட்சிக்கு வரும்போது 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் போகவிடுவதில்லை. எண்ணெய் வண்ண ஓவியம் 200 வரை தாங்கும். இதை அளக்கும் கருவி விலை அதிகமில்லை. ஓலைச்சுவடிக்குப் புல்தைலமும், துணிப்பெட்டிக்கு வசம்பும் போதுமானதாக இருக்கிறது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் வேதிப் பாதுகாப்புக்கென்றே ஓர் ஆய்வகம் இருக்கிறது. சிக்கலான பொருள் என்றால் நீங்களே துடைக்காமல் அங்கே கேளுங்கள். பொருளில் எண் எழுத ஒட்டுத்தாள் வேண்டாம், பருத்தி நூலில் கட்டிய அட்டையில் பென்சிலால் எழுதுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் ஒரு பங்காளிக்கு அப்பத்தாவின் பழைய மரப்பெட்டி ஒன்றைக் கொண்டுபோக ஆசை. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளையும், 75 ஆண்டுக்கு மேற்பட்ட மதிப்புள்ள சுவடிகளையும் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. சட்டம் சொன்னதால் எனக்கு அவரிடம் மறுத்துப் பேச வேண்டியிருக்கவில்லை.

காட்சிக்கு என்ன வைப்பது? எங்கள் பெட்டிகளில் ரவிவர்மா அச்சகப் படங்களும் பெல்ஜியம் கண்ணாடியும் எனாமல் தூக்குகளும் நிறைய இருந்தன. அதை மட்டும் அடுக்கியிருந்தால் எங்கள் குடும்பப் பெருமைக்கு ஒரு கூடமாகத்தான் இருந்திருக்கும். அப்படி ஏற்கெனவே பல இடங்கள் இருக்கின்றன. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்குப் போனால், பிரித்துக் கொண்டுவந்து திரும்ப நிறுத்திய செட்டிநாட்டு வீட்டை ஊர் ஊராக வந்து பார்க்கிறார்கள். மிக நல்ல வேலை அது. எங்கள் வீடு அதே ஊரில், அதே தெருவில் நிற்கிறது. அப்படியானால் அந்தத் தெரு உள்ளே வர வேண்டும்.

வீடு வீடாகப் போய்ப் பொருளை இரவலாகக் கேட்டோம். வாங்கியதற்கு ஒரு பேரேடு. பொருள், கொடுத்தவர், எப்போது திரும்ப வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து. கொடுத்தவர் நினைத்தபோது எடுத்துப் போகலாம். பொங்கலுக்கு ஒரு வெண்கலப் பானை வீட்டுக்குப் போய்ப் பொங்கல் கண்டு திரும்பி வருகிறது. பானை இல்லாத நாட்களில் அந்த இடத்தில் "பொங்கலுக்குப் போயிருக்கிறது" என்ற அட்டை. குறிப்புகளையும் கொடுத்தவர் வாயால் சொன்னபடியே எழுதினோம். உரலுக்கு அருகே, நெல் குத்திய ஒரு பாட்டி தனக்கு என்ன கூலி கிடைத்தது, எந்த வாசல் வழியாக வந்தார் என்று சொல்வதைக் கேட்கலாம். திறப்பு நாளில் அவர் முன்வாசல் வழியாகப் பேரனோடு வந்து வளவு நடுவில் போட்ட பாயில் உட்கார்ந்தார். பினாங்குப் பெரியப்பாதான் அவருக்குச் சந்தனம் கொடுத்தார்.

அய்யனார் கோயில் புரவியெடுப்புத் திருவிழாவுக்குச் செய்யும் மண்குதிரை ஒன்று வேண்டும் என்று குயவரான வேளாரிடம் கேட்டபோது, அய்யனாருக்குப் போனதைத் தரமாட்டேன், உங்களுக்கென்று கண் திறக்காமல் ஒன்று செய்து தருகிறேன் என்றார். கண் திறக்காத அந்தக் குதிரைதான் பிள்ளைகள் அதிகம் நின்று பார்க்கிற பொருள்.

பர்மா அறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் குடும்பத்துக்குள் அதிக விவாதம். 1942ல் ஜப்பான் படை வந்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தே ஊர் வந்த கதை எங்கள் எல்லோர் வீட்டிலும் உண்டு. அதைச் சொல்ல எல்லோருக்கும் விருப்பம். ஆனால் அதற்கு முந்திய கணக்கும் பேரேட்டில் இருக்கிறது. நெல் விலை விழுந்த 1930களில் எங்கள் செட்டியார்களிடம் கடன் வாங்கிய பர்மிய விவசாயிகளின் நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930ல் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம் 1938க்குள் சுமார் 25 சதவீதமானது. இந்த வீட்டின் தேக்கும் அந்த மண்ணிலிருந்து வந்தது. இரண்டையும் ஒரே சுவரில் வைத்தோம். ஊர்க்காரர்களிடம் அவர்கள் பட்ட பாட்டைச் சொல்லச் சொல்லி வாங்கிவிட்டு, எங்கள் ஐயாக்கள் பற்றி மட்டும் மங்கலமாகப் பேசுவது நியாயமில்லை.

கலைஞர்கள் தங்கும் பகுதிக்கு எங்களுக்கு முன்மாதிரி கிட்டங்கி. மலேயாவிலும் சிங்கப்பூரிலும் ரங்கூனிலும் கொடுக்கல் வாங்கல் செய்தவர்கள் ஒரே கூடத்தில் ஆளுக்கொரு பாய், பெட்டி, கணக்கு மேசையோடு இருந்து, சேர்ந்து சமைத்துச் சாப்பிட்ட இடம். இரண்டாங்கட்டில் காற்றும் வெளிச்சமும் இருக்கிறது. அங்கே கட்டில், மேசை, விளக்கு, கொசுவலை. பொதுச் சமையல். ஊர்ப் பெண்கள் நான்கு பேர் மாதச் சம்பளத்துக்குச் சமையலும் நிர்வாகமும் பார்க்கிறார்கள். ஒரு சமயத்தில் நான்கு கலைஞர்கள், ஆறு வாரம். சித்திரை, வைகாசியில் யாரையும் கூப்பிடுவதில்லை. அந்த வெயிலில் பின்கட்டில் வேலை ஓடாது.

1966ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் மற்றவர்களும் சென்னைக்கு அருகே சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தொடங்கியபோது கைவேலை செய்து அதில் வந்த காசில் ஓவியம் வரைந்து வாழ்ந்தார்கள். இங்கே தங்குகிறவர்களிடம் நாங்கள் ஒரே ஒரு கைம்மாறு கேட்கிறோம்: வாரத்தில் ஒரு பிற்பகல் ஊராட்சி ஒன்றியப் பள்ளிப் பிள்ளைகளோடு. படைப்பைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்ற நிபந்தனை பல இடங்களில் இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. மனசிருந்தால் கொடுக்கட்டும்.

தேக்கு வீட்டில் கலைஞர்களை வைப்பவர்கள் மறக்கக் கூடாத ஒன்று நெருப்பு. ஆளி விதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும், தீக்குச்சி தேவையில்லை. தண்ணீர் ஊற்றிய மூடி போட்ட இரும்பு வாளி ஒவ்வொரு மேசைக்குக் கீழேயும் இருக்கிறது, துணி அதில்தான் போக வேண்டும். சாயம் காய்ச்சுவதும் அடுப்பு எரிப்பதும் பின்முற்றத்தில் மட்டும். சுவரில் ஆணி அடிக்க அனுமதி இல்லை. கூரை உத்தரத்தில் கயிறு கட்டிப் பலகை தொங்கவிட்டிருக்கிறோம்.

பணம். மராமத்துக்குப் பங்காளிகளும் நண்பர்களும் கொடுத்தார்கள். அறக்கட்டளைக்கு வருமான வரிச் சட்டப்படியான விலக்குப் பதிவுகளை முன்னமே வாங்கிவிட்டால் கொடுப்பவர்களுக்கு வரிச்சலுகை கிடைக்கும். ஆனால் நன்கொடையால் கூரை போடலாம், கூரையைக் காப்பாற்ற முடியாது. ஒவ்வொரு புரட்டாசியிலும் ஓடு பார்க்க, தூம்பு தூர்வார, கரையான் பார்க்க என்று ஒரு தொகை வேண்டும். அதைத் தொடக்கத்திலேயே வைப்பில் போட்டு, வட்டி மட்டும் எடுக்கிறோம். வசதியுள்ள கலைஞர்கள் கொடுக்கும் தங்கும் கட்டணம் சமையலுக்கும் சம்பளத்துக்கும் சரியாகப் போகிறது; வசதியில்லாதவர்களுக்கு அதிலிருந்தே இடம் ஒதுக்குகிறோம். ஊர்க்காரர்களுக்கு அனுமதிச் சீட்டு கிடையாது.

ஒவ்வொரு சித்திரையிலும் ஆண்டுக் கணக்கை ஐந்தொகையாக எழுதி எல்லாப் பங்காளிகளுக்கும் அனுப்புகிறோம், ஒரு பிரதி முகப்புத் திண்ணைச் சுவரில் ஒட்டப்படும். தெருவில் போகிற யாரும் நின்று படிக்கலாம். சந்தேகம் இருந்தால் உள்ளே வந்து பேரேட்டைக் கேட்கலாம், கேட்கவும் செய்கிறார்கள். போன வருடம் ஓடு வாங்கிய விலை அதிகம் என்று பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் சொன்னார். அடுத்த கொள்முதலுக்கு அவரையே அனுப்பியிருக்கிறோம்.